தம்பியை இழந்த விபத்தும் தூங்காத இரவுகளும்: பௌத்தம் என்ன சொல்கிறது?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் குடியிருந்து ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண். இரண்டு வருடத்துக்கு முன் டின் ஃபேக்டரி என்ற சாலைச் சந்திப்பு அருகே அவர் ஓட்டிய ஸ்கூட்டரை ஒரு டெம்போ இடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி அந்த இடத்திலேயே இறந்துபோனார். இவருக்குத் தோள்பட்டையில் எலும்பு முறிவு. எலும்பு கூடிவிட்டது, தூக்கம் கூடவில்லை. பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு உதறுகிறது. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏற முடியவில்லை. அம்மா "போன ஜென்மத்துப் பாவம்" என்கிறார். உடன் வேலை செய்பவர் "பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போ, எல்லாம் கரைஞ்சிடும்" என்கிறார். அடுத்த மாதம் இரண்டாம் வருட நினைவு நாள். பௌத்தத்தில் இதற்கு வழி இருக்கிறதா, அந்த முகாமுக்குப் போகலாமா என்பது கேள்வி.

மகளே, முகாமுக்கு இப்போது போக வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

நான் பெங்களூரில் 31 வருடம் மனநலப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அல்சூரில் வீடு. எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டில் பௌத்தத்தை மீட்டெடுக்கப் பாடுபட்ட அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கே கிளை இருந்ததும், வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன நம் மக்கள் நூறு வருடத்துக்கு முன்பே அங்கே பௌத்தம் பேசினதும் இன்று பலருக்குத் தெரியாது. எனக்குப் பௌத்தம் தாத்தாவின் வழியாகத்தான் வந்தது. பழைய பௌத்த நூல்கள் இருக்கும் பாலி மொழியைப் பிற்பாடு உட்கார்ந்து படித்தேன். இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்கிறேன்.

உங்கள் அம்மா சொன்ன "பாவம்" என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் அரிப்பது அதுதான் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. நீங்கள் "நான்தான் ஓட்டினேன்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

மனிதனுக்கு வரும் இன்பமும் துன்பமும் எல்லாமே முன்செய்த வினையால்தான் வருகின்றன என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று சீவகன் என்ற பரிவிராஜகர் (ஊர் ஊராக அலையும் துறவி) புத்தரிடம் கேட்கிறார். புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது இந்த உரையாடல். பித்தத்தால் வரும் வேதனை உண்டு, கபத்தால், வாதத்தால், இந்த மூன்றும் சேர்வதால், பருவ மாற்றத்தால், உடம்பைச் சரியாகப் பேணாததால், வெளியிலிருந்து வரும் தாக்குதலால், வினையால் என்று எட்டுக் காரணங்களை புத்தர் அடுக்குகிறார். வினை அந்த எட்டில் ஒன்று. எல்லாவற்றையும் முன்வினை மேல் போடுகிறவர்கள், தாமே அறிந்ததையும் உலகம் உண்மை என்று ஏற்றுக்கொண்டதையும் மீறிப் போகிறார்கள் என்று வெளிப்படையாக மறுக்கிறார். பௌத்தம் என்றாலே "எல்லாம் கர்மா" என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்ததில்லை.

வினை என்பதற்கு அவர் தரும் இலக்கணமும் உங்களுக்கு வேண்டியது. "சேதனையையே நான் கம்மம் என்கிறேன்" என்கிறார். சேதனை என்றால் மனதார எண்ணிச் செய்வது. எண்ணம் இல்லாத இடத்தில் அந்த வினை இல்லை.

துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் ஒரு வழக்கு வருகிறது. படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடும் இடம் அது. பிச்சைக்குப் போன ஒரு பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, ஒரு வீட்டில் பீடத்தின் மேல் உட்கார்ந்தார். அதில் கந்தல் துணியால் மூடி ஒரு குழந்தை படுத்திருந்தது அவருக்குத் தெரியாது. குழந்தை நசுங்கி இறந்துபோனது. அந்தப் பிக்குவுக்கு மனம் அரிக்க ஆரம்பித்தது. தான் சங்கத்தை விட்டு நீக்கப்பட வேண்டிய குற்றம் செய்துவிட்டோமோ என்று புத்தரிடம் வந்து சொல்கிறார். இப்படி வரும் வழக்குகளில் புத்தர் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "பிக்குவே, உன் சித்தம் என்னவாக இருந்தது?" குழந்தை விஷயத்தில் அவர் சொன்ன தீர்ப்பு, அந்தக் குற்றம் இல்லை என்பது. கூடவே ஒரு விதியும் சேர்த்தார்: இனி யாரும் ஆசனத்தைப் பார்க்காமல் உட்காரக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு குழந்தை இறந்திருக்கிறது, அதை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை நடக்காமல் இருக்க ஒரு விதி வந்தது. ஆனால் அந்த மனிதனைக் கொலைகாரன் ஆக்கவில்லை. அவர் மனதை அரித்த உணர்ச்சிக்குப் பாலியில் "குக்குச்சம்" என்று பெயர். பௌத்தம் அதை ஒரு நற்குணமாக வைக்கவில்லை, மனதைக் கட்டிப்போடும் ஐந்து தடைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருந்தால் தம்பிக்கு அது மரியாதை என்று எங்கோ உள்ளுக்குள் தோன்றும். என்னிடம் வந்த எத்தனையோ பேருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. அது மரியாதை இல்லை, மகளே. உங்கள் சித்தம் என்னவாக இருந்தது? தம்பியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதானே.

உங்கள் அம்மாவோடு இதை வைத்துச் சண்டை போடாதீர்கள். அவரும் மகனைப் பறிகொடுத்தவர். காரணம் தெரியாத சாவைத் தாங்க முடியாமல் "பாவம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது அவருடைய ஊன்றுகோல். அதால் நீங்கள் அடிபட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இனி, எல்லோரும் மேற்கோள் காட்டும் இரண்டு அம்புகள். அம்பு தைத்தவனை இன்னொரு அம்பும் தைப்பது போல, பழகாத மனிதன் உடம்பின் வேதனை, மனதின் வேதனை என்று இரண்டை அனுபவிக்கிறான். பழகியவன் முதல் அம்பை மட்டும் அனுபவிக்கிறான் என்பது புத்தரின் உவமை. இதைப் பிடித்துக்கொண்டு "வலி தவிர்க்க முடியாதது, துன்பப்படுவது உன் விருப்பம்" என்று பேசுகிறார்கள். உங்களைப் போன்றவர்களிடம் அப்படிப் பேசுவது கொடுமை. இரண்டாம் அம்பை நீங்கள் வேண்டுமென்று எய்துகொள்ளவில்லை. பிரேக் சத்தத்துக்கு உடம்பு உதறுவது யோசித்துச் செய்கிற காரியமா? ஆபத்து இன்னும் முடியவில்லை என்று உங்கள் நரம்பு மண்டலம் நம்பிக்கொண்டிருக்கிறது. மருத்துவத்தில் இதற்குப் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று பெயர் வைத்து நோய்ப் பட்டியலில் சேர்த்ததே 1980-இல்தான். அதற்கு முன் இப்படி வந்தவர்களைக் கோழை என்றும் பேய் பிடித்தவர் என்றும் சொன்னார்கள். புத்தரின் உவமையில் இருக்கும் சொல் "பழகாதவன்" என்பது. கெட்டவன் என்று அவர் சொல்லவில்லை. பழக்கம் என்றால் மெதுவாக, ஒருவர் துணையோடு வருவது.

அந்த உரையில் மூன்றாவதாக ஒரு வரியும் உண்டு. வேதனை வந்ததும், அதிலிருந்து தப்ப வேறு வழி தெரியாததால் அவன் புலனின்பத்தை நாடுகிறான் என்று. குடி, விடிய விடிய போன், தூக்க மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்குவது எல்லாம் இதில் வரும். வேறு வழி தெரியாததால் என்றுதான் அவர் சொல்கிறார், திட்டவில்லை.

இப்போது முகாம் விஷயம்.

எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய மரபில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாம் பற்றித்தான் உங்கள் தோழர் சொல்லியிருப்பார். நல்ல மரபு. நானும் போயிருக்கிறேன். பேச்சு இல்லை, போன் இல்லை, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அளவுக்குக் கண்ணை மூடி உட்கார வேண்டும். முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாளிலிருந்து உடம்பின் ஒவ்வொரு இடத்திலும் எழும் உணர்ச்சியைப் பார்ப்பது. விண்ணப்பப் படிவத்திலேயே மனநலப் பிரச்சினை உண்டா என்று கேட்கிறார்கள். அதை மறைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உங்கள் உடம்பிலோ அந்த விபத்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணை மூடி, பேச ஆள் இல்லாமல், பத்து மணி நேரம் அந்த உடம்புக்குள்ளேயே உட்காருவது என்பது கட்டுப் போடாத காயத்தைத் திறந்து வெயிலில் வைப்பது மாதிரி. அப்படிப் போய் ஆறாம் நாள் இரவு அலறி எழுந்து, பிறகு மாதக்கணக்கில் வார்டில் இருந்தவர்களை நான் கவனித்திருக்கிறேன். முறை கெட்டது என்று சொல்லவில்லை. நேரம் சரியில்லை.

இதைச் சொன்னால் "தியானத்தில் கெடுதலா?" என்று அதிர்கிறவர்கள் வைசாலியில் நடந்ததைப் படிக்க வேண்டும். உடம்பின் அசுத்தத்தைச் சிந்திக்கும் தியானத்தைப் புகழ்ந்து சொல்லிவிட்டு, புத்தர் பதினைந்து நாள் தனிமைக்குப் போகிறார். திரும்பி வந்தால் சங்கம் இளைத்துக் கிடக்கிறது. அந்தத் தியானத்தைச் செய்த பிக்குகள் பலருக்குத் தங்கள் உடம்பின் மேலேயே அருவருப்பு மிஞ்சி, உயிரை விடும் அளவுக்குப் போய்விட்டார்கள். வேறு ஒரு முறையைச் சொல்லித்தர வேண்டும் என்று அவருடைய சீடர் ஆனந்தர் கேட்கிறார். புத்தர் எல்லோரையும் கூட்டி மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதியைக் கற்பிக்கிறார். இந்தச் சங்கடமான சம்பவத்தை மறைக்காமல் பிடகத்திலேயே எழுதி வைத்ததற்காக அந்தப் பழைய பிக்குகளை நான் வணங்குகிறேன். முறை ஆளுக்கு ஏற்ப மாற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு அடைக்கிறது என்கிறவர்களும் உண்டு. அவர்கள் மூச்சையும் விட்டுவிட வேண்டியதுதான்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பிற்பாடு பிக்குணியான படாசாரை என்ற பெண்ணின் கதையில் அந்த வரிசை இருக்கிறது. ஒரே நாளில் கணவன் பாம்பு கடித்துச் சாகிறான். பச்சைக் குழந்தையைப் பருந்து கொண்டுபோகிறது. மூத்தவன் ஆற்றில் போகிறான். பிறந்த வீட்டுக்கு ஓடினால் புயலில் வீடு இடிந்து தாயும் தந்தையும் அண்ணனும் ஒரே சிதையில் எரிகிறார்கள். ஆடை நழுவியதுகூடத் தெரியாமல் சாவத்தி வீதிகளில் அலைகிறாள். பைத்தியம் என்று கல்லும் மண்ணும் எறிகிறார்கள். புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்துக்குள் அவள் வந்தபோது கூட்டம் அவளைத் தடுக்கிறது, புத்தர் விடச் சொல்கிறார். அவர் முதலில் சொன்னது நிலையாமை இல்லை, நான்கு உண்மைகளும் இல்லை. "சகோதரி, நினைவுக்கு வா" என்பதுதான். அவள் தன் நிலையை உணர்ந்து கூசி உட்கார, பக்கத்திலிருந்த ஒருவர் மேலாடையைத் தூக்கிப் போடுகிறார். அதன் பிறகு அவள் தன் கதையைச் சொல்கிறாள், அவர் முழுவதும் கேட்கிறார். உபதேசம் அதற்கும் பின்னால் வருகிறது.

தன்னை மீட்டெடுக்கும் ஒரு குரல், மானத்தை மூட ஒரு துணி, கேட்க ஒரு காது. நான் வேலை பார்த்த வார்டிலும் இதே வரிசைதான். அது தெரியாத புதுப் பிள்ளைகள் வந்ததும் நோயாளியிடம் "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று தொடங்குவார்கள். தண்ணீர் குடித்தீங்களா, இங்கே பயம் இல்லாமல் இருக்கா என்று கேட்டுவிட்டு அதற்குப் போ என்று நாங்கள் சொல்லித்தருவோம்.

மணிமேகலையிலும் இதற்கு ஒரு காட்சி உண்டு, ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. மணிமேகலையின் தோழி சுதமதி தன் பழைய கதையைச் சொல்கிறாள். அவள் தந்தையை ஒரு பசு முட்டி, குடல் சரிந்து கிடக்கிறார். அடைக்கலம் தேடிப் போன இடத்தில் விரட்டிவிடுகிறார்கள். அப்போது எதிரே வந்த சங்கதருமன் என்ற பௌத்தத் துறவி, தன் கைப் பாத்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த மனிதரைத் தழுவித் தூக்கித் துறவிகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறார். "சாதுயர் நீக்கிய தலைவன்" என்கிறாள் அவரை. துறவிக்கு உடைமை என்று இருப்பது அந்தப் பாத்திரம். அதைக் கைமாற்றினால்தான் இரண்டு கையாலும் ஒருவரைத் தூக்க முடியும். தமிழில் பௌத்தம் முதலில் காயத்தைத்தான் பார்த்தது.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை மருத்துவம். பெங்களூரில் இருந்துகொண்டு இதற்குக் கஷ்டப்பட வேண்டாம், நிமான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால் அந்த நிமிடமே அழையுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். பேரதிர்ச்சியை மையமாக வைத்து, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பேசிச் செய்யும் சி.பி.டி., கண் அசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற இரண்டு சிகிச்சைகளையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது. இது பௌத்தத்துக்கு வெளியே போவது ஆகாது. "நோயாளிக்குச் செய்வது எனக்குச் செய்வது" என்று சொல்லி, வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு பிக்குவுக்குத் தன் கையால் தண்ணீர் ஊற்றி, ஆனந்தரோடு சேர்ந்து கழுவியவர் புத்தர்.

சிகிச்சையோடு கூடவே வீட்டில் செய்ய இரண்டு விஷயம் சொல்கிறேன். முதலாவது நடை. காட்டில் தனியாக இருந்தபோது தனக்கு வந்த பயத்தைப் பற்றி புத்தர் மஜ்ஜிம நிகாயம் என்ற உரைத் தொகுப்பில் பேசுகிறார். நடந்துகொண்டிருக்கும்போது பயம் வந்தால், அது அடங்கும் வரை நிற்கவும் மாட்டேன், உட்காரவும் மாட்டேன், நடந்தே அதை அடக்குவேன் என்கிறார். நீங்கள் மாடியிலோ ஏரிக்கரையிலோ கண்ணைத் திறந்துகொண்டு, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து ஐந்து நிமிடம் நடங்கள். ஐந்து போதும். உதறல் வந்தால் சுற்றிலும் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். டின் ஃபேக்டரிக்கு இப்போதே போய் நிற்க வேண்டாம், அந்த இடத்துக்குப் போகும் படிகளைச் சிகிச்சை தருபவர் உங்களோடு சேர்ந்து வகுப்பார்.

இரண்டாவது நாவல் மர நிழல். ஆறு வருடம் உடம்பை வதைத்து ஒன்றும் கிடைக்காமல் கிடந்த சித்தார்த்தருக்கு, அதாவது புத்தர் ஆவதற்கு முன்பு இருந்தவருக்கு, ஒரு பழைய ஞாபகம் வந்தது. சிறு வயதில் தந்தை வேலையில் இருக்க, தான் நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் உட்கார்ந்து நிம்மதியாக இருந்த ஞாபகம். இந்தச் சுகத்தைக் கண்டு நான் ஏன் பயப்படுகிறேன் என்று தன்னையே கேட்கிறார். பிறகு, இவ்வளவு இளைத்த உடம்போடு அந்த நிலையை அடைய முடியாது என்று சோறு சாப்பிடுகிறார். உடனிருந்த ஐந்து பேர் வெறுத்துப் போய்விடுகிறார்கள். சுகமாக இருக்கிற நிமிடம் குற்றமாகத் தோன்றும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டு இரவெல்லாம் அழுததாக. அந்த நாவல் மரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குச் சம்பந்தமில்லாத, உடம்பு பயமில்லாமல் இருந்த ஒரு இடத்தை நினைவில் தேடி எடுங்கள். பாட்டி வீட்டுத் திண்ணையாக இருக்கலாம், பள்ளிக்கூட வேப்பமரமாக இருக்கலாம். தூங்கப் போகும் முன் சற்று நேரம் அங்கே போய் இருங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

டெம்போ ஓட்டியவரை மன்னித்தால்தான் விடுதலை என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பழைய தியான நூல், எல்லோர் மேலும் அன்பைப் பரப்பும் மைத்ரி தியானத்துக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறது. பகையாகத் தோன்றுகிறவரிடம் தொடங்காதே, முதலில் உன்னிடம் தொடங்கு என்கிறது. பகையாளி கடைசியில்தான் வருவார். அவசரம் எதுவும் இல்லை. வழக்கு நடந்தால் நடக்கட்டும், மனதில் மைத்ரி வேண்டும் என்பதற்காகச் சாட்சி சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை. சமூகமும் சட்டமும் சரியில்லாததால் வரும் துன்பத்தைத் தியானத்தால் மட்டும் தீர்க்க முடியாது என்பதை அம்பேத்கர் நமக்கு உரக்கச் சொல்லியிருக்கிறார். சுரங்கத்தில் பாறை வெடித்து ஆள் செத்தால் என் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் அந்த வீட்டில் புத்தம், தம்மம், சங்கம் சரணம் என்ற திரிசரணம் சொல்லிவிட்டு, மறுநாள் நஷ்டஈட்டுக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள் என்று பாட்டி சொல்லுவார்.

அதே விசுத்திமக்கம் இன்னொன்றும் சொல்கிறது: இறந்தவரைக் குறித்து மைத்ரி தியானம் செய்யாதே. முதன்முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. அது மனம் ஒருமுகப்படுவதற்கான பயிற்சி, அங்கே இல்லாத ஒருவரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் மனம் நிற்காது. இறந்தவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள், தானம். அவர் பெயரில் கொடுத்து, அந்தப் புண்ணியத்தை அவருக்குச் சேர்ப்பது.

துக்கம் விசாரிப்பது என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, அதை யோசித்திருக்கிறீர்களா? துக்கம் என்பது பௌத்தத்தின் முதல் உண்மை. அந்த உண்மையை என்ன செய்ய வேண்டும் என்றால், முழுவதுமாக அறிய வேண்டும் என்கிறது முதல் உபதேசம். துக்கத்தை விரட்டு என்று அங்கே இல்லை. நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போய் அருகில் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று கேட்டு, அழுதால் கூட அழுகிறோம். பெங்களூரில் அப்பார்ட்மென்ட் வாழ்க்கையில் அது இரண்டு நாளோடு முடிந்துபோகிறது. உங்களிடம் இரண்டு வருடமாக யாரும் துக்கம் விசாரிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நல்ல நட்பு இந்த அறவாழ்வில் பாதி அல்லவா என்று கேட்ட ஆனந்தரிடம், பாதி இல்லை, முழுவதும் அதுதான் என்று புத்தர் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

நினைவு நாளன்று தனியாக இருக்காதீர்கள். லீவு போடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு மெட்ரோவில் வாருங்கள். ரயில் சத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலிலேயே ஒரு நாள் இரண்டு ஸ்டேஷன் மட்டும் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஜஸ்டிக்கில் இறங்கினால் காந்திநகர் காளிதாசா சாலையில் இருக்கும் மகாபோதி சொசைட்டி என்ற பௌத்த விகாரை நடக்கும் தூரம்தான், ஆசாரிய புத்தரக்கிதர் 1956-இல் தொடங்கியது. பிக்குகளிடம் முன்கூட்டியே சொல்லி, தம்பி பெயரில் அன்னதானத்துக்கு ஏதாவது கொடுங்கள். அவருக்குப் பிடித்த சாப்பாடாக இருந்தால் இன்னும் நல்லது. புண்ணியம் சேர்க்கும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீரை வார்ப்பது, பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாதப் பௌத்தப் பிரிவின் வழக்கம். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடி வருவது போல இங்கே கொடுத்தது போனவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று பாலியில் சொல்லுவார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை நீங்களும் அம்மாவும் சேர்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். தோள் வலித்தால் இடது கையால் பிடித்தாலும் பரவாயில்லை.